கடைக்குள் ஒலி: வன்னிக் கடைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஒரு மாலை நேரம் போனால், புதிதாகத் திறந்த கடை எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு பொக்ஸ், இரண்டும் றோட்டைப் பார்த்தபடி. பஸ்ஸில் போகிறவருக்கு அந்தப் பாட்டு ஐந்து நொடி கேட்கும். கடைக்குள் நிற்பவருக்கோ இருக்கும் நேரம் முழுக்க அதுதான். சாறி பார்க்க வந்த அம்மாவும் அதை எடுத்துக் காட்டும் பிள்ளையும் கத்தித்தான் கதைக்க வேண்டும். விலை கேட்பதே சண்டை மாதிரி இருக்கும்.

ஒலியால் ஆளைக் கூப்பிடலாம் என்பதை மறுக்கவில்லை. பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டு ஒழுங்கைக்குள் கேட்டதும் காசோடு படலைக்கு வருகிறோம்தானே. ஆனால் ஓட்டோ இரண்டு நிமிடத்தில் போய்விடும், கடை அங்கேயே நிற்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் கடைக்குள் நிற்பவரை நினைத்து எழுதியது. சாமான் வாங்கும் கதை பிந்தித்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டியதில் பாதிக்குக் காசே தேவையில்லை.

படி 1: பாட்டுப் போடாமல் கடையைக் கேளுங்கள்

கைபேசியில் ஒலியளவு பார்க்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும். அது காட்டும் எண்ணில் சில டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) பிழை இருக்கலாம், பரவாயில்லை. ஒரே கைபேசியால் அளந்தால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும். கடை திறந்ததும் ஒருமுறை, பள்ளிக்கூடம் விடும் நேரம் ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் காசு வாங்கும் மேசை, கடையின் நடு, பின்சுவர் என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு பேர் ஒரு மீற்றர் தள்ளி நின்று சாதாரணமாகக் கதைப்பது ஏறக்குறைய 60 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பத்தைக் கூட்ட அம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) பத்து மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் கூட்டு' என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பாட்டில்லாமலே உங்கள் கடை 65 காட்டினால், அதற்கு மேலே பாட்டைப் போடுவதில் பயனில்லை. பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார்ட் 1911இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். சாப்பாட்டுக் கடையில் இது தெளிவாகத் தெரியும். பாட்டைக் கூட்டினால் மேசைகளில் குரல் உயரும். குரல் உயர்ந்ததால் பாட்டுக் கேட்கவில்லை என்று முதலாளி இன்னும் கூட்டுவார். அரை மணி நேரத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

படி 2: அடக்கக்கூடிய சத்தத்தை அடக்குங்கள்

ஆடும் மின்விசிறி, கால் றப்பர் தேய்ந்து தரையில் அதிரும் குளிர்பானப் பெட்டி, பின்கதவுக்கு நேரே வைத்த ஜெனரேட்டர். இவை மூன்றையும் சரிசெய்தாலே பல கடைகளில் கேட்கும்படியான வித்தியாசம் வரும். ஜெனரேட்டரை மதிலுக்கு அப்பால் நகர்த்தி, புகைக்குழாயை அயலவரின் யன்னல் பக்கம் போகாமல் திருப்புங்கள்.

கொத்துரொட்டிக் கல் வேறு கதை. அந்தத் தாளம்தான் கடையின் விளம்பரம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனமில்லை, பசியோடு வருகிறவனை இழுப்பது அதுதான். எங்கள் கடைகளில் கல்லை வாசலில் றோட்டுப் பக்கமாக வைக்கும் வழக்கம் மிகச் சரியானது. செய்ய வேண்டியது, கல்லுக்கும் சாப்பிடும் மேசைகளுக்கும் இடையில் ஒரு மறைப்பு. அரைச்சுவர் போதாது. சத்தம் மேலால் வளைந்து வந்துவிடும், அதனால் தலைக்கு மேல் உயரமான கண்ணாடி அல்லது பலகை வேண்டும்.

படி 3: சுவரையும் கூரையையும் பாருங்கள்

2009க்குப் பிறகு வன்னியில் எழும்பிய கடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: தரையில் டைல்ஸ், முன்னால் கண்ணாடி, பூச்சுப் பூசிய கல்சுவர், மேலே சிலாப் அல்லது சீற். ஒவ்வொன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்பு. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டு முடிந்த பிறகும் வாலாக ஒரு 'ர்ர்ர்' வந்தால், எவ்வளவு விலையான ஸ்பீக்கர் போட்டாலும் பேச்சுத் தெளியாது.

இந்த எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் வழியை வாலஸ் சபைன் என்பவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை மண்டபத்தைத் திருத்தப் போய்க் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டினால் வருவது) வகுக்க வேண்டும். 12 மீற்றர் நீளம், 6 அகலம், 3 உயரம் உள்ள கடையை எடுப்போம். கன அளவு 216 கன மீற்றர், எல்லாப் பரப்பும் சேர்த்து 252 சதுர மீற்றர். டைல்ஸும் பூச்சுச் சுவரும் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் உறிஞ்சும் என்று வைத்தால், வெறும் கடையில் ஒலி அடங்க நாலரை நொடி பிடிக்கும். நூற்றுக்கு எழுபது பங்கு உறிஞ்சும் பொருளைச் சீலிங்கிலும் பின்சுவரிலுமாக மொத்தம் 30 சதுர மீற்றருக்குப் போட்டால் அது ஒன்றேகால் நொடிக்கு இறங்கும். அறையில் பாதியைக்கூட மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புடைவைக்கடைக்காரருக்கு இதில் பாதி வேலை இல்லை, அடுக்கிய துணியே உறிஞ்சிவிடும். கைபேசிக் கடை, பார்மசி, இரும்புச் சாமான் கடை, கலியாண மண்டபம் எல்லாம் கவனிக்க வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை நல்லது. சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளிப் பொருத்திய தடித்த தும்புப் பாயும் பேச்சு ஒலிக்கு உதவும். காசிருந்தால் கனிம நார்ச் சதுரங்கள் போட்ட சீலிங் எல்லாவற்றிலும் மேல், கீழே வெக்கையும் குறையும். முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை. ரெஜிபோமும் ஒலியை உறிஞ்சாது. இரண்டுமே தீப்பிடித்தால் ஆபத்து.

தகரக் கூரைக் கடைக்கு ஒரு சொல். கார்த்திகை மழை தகரத்தில் விழும்போது எந்த ஸ்பீக்கரும் வெல்லாது. பாட்டை நிறுத்திவிடுங்கள். மழைக்கு ஒதுங்கியவர் மழையைக் கேட்டுக்கொண்டு சாமான் பார்ப்பார்.

படி 4: யாருக்கு, எப்போது, எந்த ஒலி

இசை வியாபாரத்தை மாற்றுமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் மிலிமன் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான தாள இசை ஒலித்தபோது ஆட்கள் மெல்ல நடந்தார்கள். வேகமான இசை போட்ட நாட்களைவிட விற்பனை ஏறக்குறைய 38 வீதம் கூடியிருந்தது. 1986இல் ஓர் உணவகத்தில் அவரே பார்த்தது: மெதுவான இசையில் மேசையில் சராசரியாக 56 நிமிடம் இருந்தார்கள், வேகமான இசையில் 45 நிமிடம். உணவுச் செலவில் பெரிய மாற்றமில்லை. குடிவகைச் செலவுதான் கூடியது.

இந்த எண்களை அப்படியே மாங்குளத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த 56, 45 ஒரு கேள்வியைத் தருகிறது: உங்களுக்கு ஆள் இருக்க வேண்டுமா, எழும்ப வேண்டுமா? மத்தியானம் கச்சேரி, வங்கி ஆட்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது மெல்லிய வீணை இசை போட்டால் முதலாளிக்கு நட்டம். அதே கடையில் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிக்கு வருகிறவர் இன்னொரு வடை எடுக்க வேண்டுமென்றால் வீணை சரி. பலசரக்குக் கடையில் எதைப் போட்டாலும் பட்டியலோடு வந்தவர் பட்டியலோடுதான் போவார். அங்கே மினக்கெட வேண்டாம். பார்மசியில் பாட்டே வேண்டாம் என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வது பிழையாகக் கேட்டால் விளையாட்டில்லை.

நாள் முழுக்க வானொலியைத் திறந்துவிடுவது இலகுதான். ஆனால் எங்கள் வானொலிகளில் மரண அறிவித்தலும் வரும், போட்டிக் கடையின் விளம்பரமும் வரும். கூறைச் சேலை பார்க்கும் குடும்பத்துக்கு நடுவில் 'காலஞ்சென்ற' என்று ஒரு குரல் எழும்பினால் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது. பாட்டுகளை நீங்களே தேர்ந்து வையுங்கள். பட்டியல் நீளமாக இருக்கட்டும். அரை மணி நேரத்தில் சுழன்று வரும் பட்டியல் வருகிறவருக்குத் தெரியாது, வேலை செய்யும் பிள்ளைகளுக்கு விசர் பிடிக்கும். வவுனியாவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைக்கு வருவார்கள். அங்கே புல்லாங்குழல், வீணை போன்ற வாத்திய இசைக்கு மொழிச் சிக்கல் இல்லை.

சத்தம் என்றால் இங்கே வேறொரு நினைவும் உண்டு. 2009 வரை ஷெல்லுக்கும் கிபிருக்கும் இடையில் கிடந்து எழும்பிய ஊர்கள் இவை. விளம்பரத்தில் சைரன் வைப்பது, திடீரென்று 'டமார்' என்று பேஸ் விழும் பாட்டைப் போடுவது, திறப்பு விழாவில் சொல்லாமல் சீனவெடி கொளுத்துவது, இவற்றைத் தவிருங்கள். மற்றவர் சிரிக்கும்போது திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் உங்கள் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும், றோட்டால் ஒரு பிரேத ஊர்வலம் போகும்போதும் பாட்டை நிறுத்த வேண்டும். இதை முதலாளி வந்து சொல்லும்வரை பார்த்திராமல் நிறுத்த வேலையாட்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

படி 5: ஒரு பெரிய பொக்ஸுக்குப் பதில் பல சின்ன ஸ்பீக்கர்

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாசலில் ஒரு மீற்றரில் 90 டெசிபல் தரும் பொக்ஸ் நாலு மீற்றரில் 78, எட்டு மீற்றரில் 72. அறைக்குள் குறைவு இதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் கதை அதேதான். பின்னால் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமென்று கூட்டினால் முன்னால் நிற்பவரின் காது போகும். எட்டுச் சின்ன ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் மெல்லப் பேசினால் எல்லா இடத்திலும் ஒரே அளவு. கடைக்குள் நடக்கிறவருக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நல்ல வேலைக்கு அதுதான் அடையாளம்.

எத்தனை ஸ்பீக்கர் என்பதற்கு ஒரு கணக்கு. சீலிங் உயரத்திலிருந்து காது உயரத்தைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். சீலிங் 3 மீற்றர், நிற்பவரின் காது ஒன்றரை மீற்றர் என்றால் விடை 3 மீற்றர். கீழ்நோக்கிப் பரவலாக ஒலிக்கும் சாதாரண சீலிங் ஸ்பீக்கர் ஒன்று அந்த அகலத்தைப் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன 12க்கு 6 கடைக்கு நீளத்தில் நாலு, அகலத்தில் இரண்டு, மொத்தம் எட்டு. சீலிங் இல்லாத தகரக் கடைக்குச் சுவரில் சின்னப் பெட்டிகளைத் தலைக்கு மேலே பொருத்திக் கீழே சாய்த்துவிடுங்கள். காசு மேசைக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.

இடது வலது என்று பிரிக்காமல் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வர வேண்டும். பிரித்தால் ஒரு பக்கம் நிற்பவருக்குப் பாடகர் கேட்கும், மறுபக்கம் நிற்பவருக்கு வயலின் மட்டும் கேட்கும்.

கலியாண மண்டபத்துக்கு இன்னொரு பிரச்சினை. எங்கள் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். மேடையிலிருந்து 20 மீற்றர் தள்ளி, பின்வரிசைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் கட்டினால் அதன் ஒலி முதலில் வரும், மேடைப் பொக்ஸின் ஒலி 57 மில்லி நொடி பிந்தி வரும். 50ஐத் தாண்டினாலே காது அதை இரண்டு குரலாகப் பிரிக்கத் தொடங்கும். வாழ்த்துரை குழம்புவது இதனால்தான். பின் ஸ்பீக்கருக்கு அதே அளவு தாமதம் கொடுக்கும் வசதி இப்போதைய டிஜிட்டல் மிக்சர்களில் இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 6: அம்ப், வயர், கரண்ட்

எட்டு ஸ்பீக்கரைச் சாதாரண அம்ப்பில் பொருத்தப் போனால் சிக்கல் வரும். எட்டு ஓம் (கரண்டுக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு) ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் கொடுத்தால் நாலு ஓம், நாலைக் கொடுத்தால் இரண்டு ஓம். பெரும்பாலான அம்ப் அங்கேயே சூடேறிப் போய்விடும். கடைகளுக்கென்று இருப்பது 100 வோல்ட் லைன் முறை. பள்ளிக்கூடங்களிலும் புகையிரத நிலையங்களிலும் பாவிப்பது அதுதான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு சின்ன டிரான்ஸ்போமர் இருக்கும், அதில் 3 வாட், 6 வாட் என்று தெரிவு இருக்கும். எட்டையும் 6இல் வைத்தால் மொத்தம் 48. அதற்குக் கால் பங்கு மேலே வைத்து 60 வாட் அம்ப் வாங்கினால் கணக்குச் சரி. இதில் ஓடும் கரண்ட் அரை அம்பியரும் இல்லை, மெல்லிய வயரே போதும். சாதாரண ஸ்பீக்கரை டிரான்ஸ்போமர் இல்லாமல் இந்த லைனில் கொடுத்தால் எரியும். லைனைத் தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். வீட்டுக் கரண்ட் வயர் போகும் அதே குழாய்க்குள் இதை இழுக்காதீர்கள்.

'ம்ம்ம்' என்று இரைகிறதென்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த முனைதான் உயிரைக் காப்பது. இரைச்சலுக்கு ஒலி வயரின் நடுவில் போடும் ஐசொலேட்டர் ஒன்று போதும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும் அம்ப் கிடைத்தால் அதை எடுங்கள். கரண்ட் திரும்ப வரும் நொடியில் 'டப்' என்று அடித்துத்தான் பல ஸ்பீக்கர்கள் போகின்றன. போடும்போது அம்ப் கடைசி, நிறுத்தும்போது அம்ப் முதல். இடி முழங்கும் சித்திரையிலும் ஐப்பசியிலும் இரவில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். கிரவல் றோட்டுத் தூசியும் எறும்பும் பல்லியும் அம்ப்பின் காற்றுத் துளைக்குள் குடிபோகும். நுண்ணிய வலையால் மறைத்து, அதை மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

பாட்டுக்குச் சொந்தக் கைபேசியைப் புளூடூத்தில் கொடுக்காதீர்கள். சீட்டுக்காசு கேட்டு வரும் குரல் பதிவைக் கடை முழுவதும் கேட்க வேண்டி வரும். பென் டிரைவ் போதும், இல்லாவிட்டால் சிம் இல்லாத பழைய கைபேசி.

படி 7: அளவு வைப்பது

முதலில் 100 ஹேர்ட்சுக்குக் கீழே உள்ள ஆழமான பேஸ் ஒலியை வெட்டுங்கள். கடையில் பாட்டுக்கு அது தேவையில்லை, அயலவரின் சுவரை அதிர வைப்பதும் அதுதான். அப்புறம் இரண்டு பேரைக் கை எட்டும் தூரத்தில் நிறுத்திச் சாதாரணக் குரலில் விலை பேசச் சொல்லுங்கள். ஒருவர் 'என்ன?' என்று கேட்டால் கூடிவிட்டது. கடை நிரம்பியிருக்கும்போது ஆட்களே ஒலியை உறிஞ்சுவார்கள், அதனால் காலைக்கு ஓர் அளவு, மாலைக்கு ஓர் அளவு என்று குமிழில் இரண்டு இடத்தில் நிறம் பூசுங்கள். அதற்கு மேல் திருப்பும் உரிமை கடைப் பையனுக்கு இல்லை. முதலாளிக்கும்தான்.

மைக்கில் அறிவித்தால் அது சுற்றுச் சத்தத்தைவிடப் பத்து டெசிபல் மேலே இருந்தால் விளங்கும். மைக்கின் முன்னால் ஸ்பீக்கர் இருந்தால் கீச்சிடும், மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் வையுங்கள். வேலையாட்களின் காதைப் பொறுத்தவரை 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் ஏற்றுக்கொள்ளும் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். வாசல் பொக்ஸின் அருகே நாள் முழுக்க நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விசயமில்லை.

படி 8: சட்டம்

1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிரதேச சபைப் பகுதியில் உங்கள் காணி எல்லையில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர, மாநகர சபைப் பகுதியில் 63, 50. கிளிநொச்சி நகரம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அது கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் இருக்கிறது, ஆகவே 55தான். இன்னொன்று, அந்த விதியில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் 100 மீற்றருக்குள் பகலில் 50, இரவில் 45. றோட்டைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் சொல்லியிருக்கிறது.

பாட்டுக்கும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பொது இடத்தில் பாட்டை ஒலிக்க உரிமையாளரின் அனுமதி தேவை. ஸ்பொட்டிபை போன்ற சேவைகளின் சாதாரணக் கணக்கும் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தான்.

படி 9: பயன் இருக்கிறதா என்று பாருங்கள்

இரண்டு கிழமை ஒலியோடு, இரண்டு கிழமை ஒலியில்லாமல் கடையை நடத்தி, பில் எண்ணிக்கையையும் ஒரு பில்லின் சராசரித் தொகையையும் எழுதுங்கள். காலபோக அறுவடைக் காசு புழங்கும் மாசி, பங்குனியை மற்ற மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கல் கிழமை, சம்பளக் கிழமை எல்லாவற்றையும் இரு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையாட்களிடமும் கேளுங்கள், தலையிடி யாருக்கு என்று அவர்கள்தான் சொல்வார்கள். எண்ணில் வித்தியாசமே தெரியாவிட்டால் அம்ப்பை நிறுத்தி வைத்துவிட்டு, திரையையும் சீலிங்கையும் மட்டும் விட்டுவிடுங்கள்.